ஒரு சென்டிமீட்டர் பிசகினால்

(இராமநாதபுரத்தில் இயற்பியல் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மேடைக்கு வருமுன் முன்வரிசையில் இருந்த மூன்றாமாண்டு மாணவியிடம், "அடுத்து என்னம்மா?" என்று கேட்டேன். "பி.எட். மேடம், இல்லன்னா பேங்க் எக்ஸாம். வேற என்ன இருக்கு?" என்றாள். பாம்பனிலிருந்து பஸ் பிடித்து வந்து படித்த காலத்தில் நானும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சிக்குப் போகாதவர்களுக்கு இந்தப் படிப்பு வீண் என்று பலர் சொன்னார்கள், நானும் நம்பினேன். இன்று புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் மருத்துவ இயற்பியலாளராக இருக்கிறேன். இப்படி ஒரு வேலை இருப்பதே முதுகலை சேரும்வரை எனக்குத் தெரியாது. அந்தக் கோபத்தில்தான் இன்று பேச வந்தேன்.

நம் ஊரில் இயற்பியல் என்றதும் கலாம் ஐயாவைச் சொல்வோம். அவர் 1954-இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் முடித்து, பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலுக்குப் போனவர். ராமேஸ்வரத்துக்காரரே பாதையை மாற்றிக்கொண்டுதான் ராக்கெட்டுக்குப் போனார்.

சரி, என் வேலையைச் சொல்கிறேன். காலையில் முதல் நோயாளி வருமுன் கதிர்வீச்சுக் கருவியைச் சோதிப்போம். மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு நாளைக்கு 2 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) வீதம் 25 நாள் என்று டாக்டர் எழுதினால், அந்த 2 கிரே சரியாகப் போய்ச் சேர்வதற்கு நாங்கள் பொறுப்பு. கதிர் புறப்படும் இடத்திலிருந்து 100 சென்டிமீட்டரில் இருக்க வேண்டியது 101-இல் இருந்தால், இரண்டு சதவீதம் குறைந்துபோகும். தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கதிர் குறையும் என்று நீங்கள் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதும் தலைகீழ் இருமடி விதிதான் இது. கதிர்வீச்சை அளக்கும் கருவியான அயனி அறைக்குள் இருப்பது வெறும் காற்று. 20 டிகிரிக்கு அளவிட்ட கருவியை 24 டிகிரி அறையில் வைத்தால், காற்று விரிந்து, ஏறத்தாழ 1.4 சதவீதம் குறைத்துக் காட்டும். அதனால் தெர்மாமீட்டரும் பாரோமீட்டரும் பார்த்துத் திருத்துவோம். வாயு விதியை நான் மறந்துவிட்டால் ஒரு தாய்க்குக் கதிர்வீச்சின் அளவு தவறிவிடும். ஆய்வகத்தில் "பிழை சதவீதம்" என்று கடைசியில் ஒப்புக்கு எழுதுகிறீர்களே, எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

இதற்கு வழி: பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பின் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல். அண்ணா பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியாரிலும் உண்டு. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களுக்கு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் டிப்ளமோ இருக்கிறது. எந்த வழியில் வந்தாலும் மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சி உண்டு.

அப்புறம், நம் கடலுக்கு வருவோம். விசைப்படகில், ஒலியை அனுப்பி ஆழமும் மீனும் பார்க்கும் எக்கோ சவுண்டர் பார்த்திருப்பீர்கள். ஒலி கடல்நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது. பத்துப் பாகம் ஆழம் என்றால் ஏறக்குறைய 18 மீட்டர். போய்த் திரும்ப ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குகூட ஆகாது. மீனின் காற்றுப்பையில் பட்டு ஒலி பலமாகத் திரும்புவதால் திரையில் மீன் தெரிகிறது. அப்பா ஓட்டும் படகில் இருப்பது உங்கள் பாடம். இதே மீயொலியை எஃகுக்குள் அனுப்பி வெல்டிங்கில் விரிசல் தேடுவது, என்.டி.டி. என்கிற, பொருளை உடைக்காமல் சோதிக்கும் முறைகளில் ஒன்று. பாலம், கப்பல், பாய்லர் எல்லாவற்றுக்கும் இது வேண்டும். சில வாரப் பயிற்சியும் களத்தில் சில மாத அனுபவமும் சேர்ந்தால் சான்றிதழ் வாங்கலாம். பி.எஸ்சி.யோடு சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். வெயிலில் உயரத்தில் ஏறி நிற்கும் வேலை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் ஓடுகிறது. பேனலின் திறனை 25 டிகிரியில் குறிக்கிறார்கள். நம் வெயிலில் பேனல் 65 டிகிரிக்குச் சூடானால், டிகிரிக்கு 0.4 சதவீதம் என்று வைத்தாலும், 16 சதவீதம் போய்விடும். குறைந்தது வெப்பத்தாலா, தூசியாலா, பழுதாலா என்று பிரித்துச் சொல்ல, பேனல் செய்யப்பட்டிருக்கும் குறைகடத்தியைப் பற்றிப் படித்தவர் வேண்டாமா?

இன்னும் இரண்டு. இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் விமான நிலைய ஆணையத்தின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுத் தேர்வை எழுதலாம். வயது வரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் வேலைக்கு இயற்பியல் படித்த பட்டதாரிகளை எடுக்கிறார்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் கடலுக்குப் போகாமல் நிற்கிறோமே, அதற்குப் பின்னால் காற்றழுத்தத்தை அளக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை இழந்த கரை இது. அந்த வேலையின் அருமை நமக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

பி.எட்.டும் நல்ல வழிதான் தங்கச்சி. வேறு வழி தெரியாமல் மட்டும் போய்விடாதே, விரும்பிப் போ.

கடைசியாக, கதிர்வீச்சு என்றதும் வீட்டில் பயப்படுவார்கள். என் அம்மா ஆறு மாதம் பேசவில்லை. சட்டையில் இருக்கும் இந்த பேட்ஜ் என் மேல் எவ்வளவு பட்டது என்று பதிவு செய்கிறது. எங்களைப் போன்ற ஊழியர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் பட்ட கதிர்வீச்சின் பாதிப்பைக் குறிக்கும் அலகு) என்பது வரம்பு. என் கணக்கு அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை. மதியம் வரை இங்கேதான் இருப்பேன். அம்மாவுக்குப் பயம் என்றால் போன் போட்டுக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.