இரண்டு புள்ளி வைத்து எழுதுபவர்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் இருக்கும் ஒரு வாட்ஸப் குழுவில் ஓர் இரவு புதிய எண்ணிலிருந்து செய்தி வந்தது. உடம்பு முடியாதவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் குழு அது. வந்த செய்தியில் பெயர் இல்லை, படம் இல்லை. "எல்லாரும் எப்டி இருக்கீங்க.. நம்பர் மாறிடுச்சு.. சேத்துவிட்டதுக்கு நன்ரி.." அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மூன்று பேர் "அக்கா, வந்துட்டீங்களா!" என்று எழுதிவிட்டார்கள். யாரும் பெயர் கேட்கவில்லை. வரிக்கு வரி இரண்டு புள்ளி வைப்பவரும், நன்றிக்கு இடையின ரகரம் போடுபவரும் எங்கள் குழுவில் அவர் ஒருவர்தான்.

வீட்டில் ஒருவர் வருவதை இருமலை வைத்தே சொல்லிவிடுகிறோம், செருப்புச் சத்தமே போதும். திரையில் அதெல்லாம் கிடையாது, எழுத்து மட்டும்தான். எந்த எழுத்தை இழுக்கிறார், எதை விழுங்குகிறார், எங்கே நிறுத்துகிறார் என்பதில்தான் அங்கே ஒருவருடைய குரல் கேட்கிறது.

"அக்காாாாா" என்று கால் மேல் கால் போட்டு ஒரு பெண் எழுதினால், பெரியவர்களுக்கு முகம் சுருங்குகிறது. தமிழ் போச்சு என்கிறார்கள். ஆனால் எழுத்தை இழுத்துக் காட்டுவதற்குத் தமிழில் முறையான பெயரே உண்டு: அளபெடை. "கெடுப்பதூஉம்", "எடுப்பதூஉம்" என்று மழையைப் பற்றி வள்ளுவர் எழுதியதைப் பள்ளியில் படித்திருப்போம். அந்த உகரம் இல்லாவிட்டாலும் அங்கே ஓசை குறையாது. காதுக்கு இனிமையாக இருக்கட்டும் என்று நீட்டியது. அதனால்தான் அதற்கு இன்னிசை அளபெடை என்று பெயர். அந்தப் பெண் இலக்கணம் பார்த்து எழுதவில்லை என்பது சரிதான். ஆனால் காதில் கேட்கும் நீளத்தை எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 13ஆம் நூற்றாண்டு நன்னூல், வழக்கில் ஒரு வகையாகக் குழூஉக்குறியைச் சொல்கிறது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புழங்கும் சொல் அது. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று உரைகளில் உதாரணம் வரும். அந்தச் சொல் வாயில் வந்தால் அவர் நம்மவர். இணையக் குழுக்களில் எழுத்துக்கூட்டல் இந்த வேலையைத்தான் செய்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரம் "வணக்கம், என் பெயர்..." என்று சட்டை மடிப்புக் கலையாமல் எழுதுவார். அப்புறம் ஒருநாள் அவரும் 'இருக்கிறது' என்பதை 'இருக்கு' ஆக்கி, குழுவில் எல்லோரும் சுருக்கும் சொல்லைத் தானும் சுருக்குவார். அன்றைக்குத்தான் அவர் உள்ளே வந்திருக்கிறார். (குழூஉக்குறி என்ற சொல்லுக்குள்ளேயே ஓர் அளபெடை இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.)

சில வழக்கங்கள் கருவியின் நெருக்கடியில் பிறந்தவை. ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கில எழுத்து 160 கொள்ளும், தமிழ் எழுத்து அதிகம் போனால் 70தான் கொள்ளும். அதோடு அப்போது பல போன்களில் தமிழ் எழுத்தே வராது. அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கப் பழகினோம். ழகரத்தை ஒருவர் 'இஸட்-ஹெச்' என்று எழுதுவார், இன்னொருவர் வெறும் 'எல்' போடுவார். அரபு பேசும் இளைஞர்கள் ஆங்கில எழுத்தில் இல்லாத தங்கள் ஒலிகளுக்கு எண்களை எடுத்துக்கொண்டார்கள். 'ஐன்' என்ற எழுத்துக்கு 3, தொண்டையிலிருந்து வரும் 'ஹா'வுக்கு 7. வடிவம் ஏறக்குறைய ஒத்துப்போவதால் வந்த தேர்வு. இப்போது போனிலேயே அரபு எழுத்து இருக்கிறது. ஆனாலும் பலர் அந்த 3-ஐயும் 7-ஐயும் விடவில்லை. நெருக்கடி போய்விட்டது, உரிமை நிலைத்துவிட்டது.

தெரிந்தே விதியை மீறியவர்களும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். அவர் முழுவதையும் சிறிய எழுத்தில் எழுதினார். ஆளைப் பார்க்காமல் எழுதியதைப் பாருங்கள் என்பது அவர் சொன்ன காரணம். அதை யாராவது பிழை என்று திருத்தினால், அவர் சொல்ல வந்ததையே அழித்ததாகிவிடும்.

பிள்ளைகளின் எழுத்து கெட்டுவிடாதா என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் கோவென்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்து 2009இல் வெளியிட்டார்கள். குறுஞ்செய்திச் சுருக்கங்களை அதிகம் பயன்படுத்திய பிள்ளைகள் சொற்களை வாசிப்பதில் பின்தங்கியிருக்கவில்லை, முன்னால்தான் இருந்தார்கள். ஒலியோடு விளையாடத் தெரிந்தால்தானே சுருக்கவே முடியும்.

சரி, அந்த அக்காவிடம் திரும்புகிறேன். அவர் குழுவில் சேர்ந்த புதிதில் ஒருநாள் நான் எல்லோர் முன்னாலும், "அது நன்றி, வல்லின றகரம்" என்று எழுதினேன். நல்லது செய்வதாகவே நினைத்தேன். "சரிங்க" என்று மட்டும் பதில் வந்தது, புள்ளி இல்லாமல். அதன் பிறகு மூன்று வாரம் அவரிடமிருந்து கட்டைவிரல் படம் தவிர வேறெதுவும் வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து எழுதும் ஒரு மனுஷியை நான் வாயடைத்திருக்கிறேன் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு எழுத்து அவ்வளவா வராதுங்க, பேசுற மாதிரியேதான் எழுதுவேன்" என்றார். அந்த இரண்டு புள்ளிகளைப் பற்றியும் கேட்டேன். "ஒத்தப் புள்ளி வெச்சா கோவமா பேசுற மாதிரி இருக்கு" என்றார். அமெரிக்காவில் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 2015இல் மாணவர்களை வைத்துப் பார்த்ததில், முற்றுப்புள்ளியோடு முடியும் குறுஞ்செய்திப் பதில் அவ்வளவாக மனதார எழுதியதாகத் தெரியவில்லை என்று வந்தது. அவர்கள் சோதனை வைத்துக் கண்டதை இவர் தன் காதால் கண்டிருக்கிறார்.

பிழையே கூடாத இடம் உண்டு. எங்கள் குழுவில் அது மருந்தின் பெயர். போன வாரம் அந்த அக்கா ஒரு மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தார். அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்திருக்கிறார். நீளமான பெயர், அளவு, நேரம், எதிலும் ஒரு தப்பு இல்லை. அதற்குக் கீழே, "பாத்து சொல்லுங்க.. நன்ரி.."

வணக்கம்.