சமையல் நேரத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பது?

(மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தாய்மார்களே, பாட்டிமார்களே, பின்னால் நிற்கும் தம்பிகளே, வணக்கம்.

2004 ஜூலை 16ஆம் தேதியை இந்த மண்ணில் யாரும் மறந்திருக்க முடியாது. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல்கூடத்தில் கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. நாடே பதறியது. விசாரணைக் கமிஷன் வந்தது, பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு கண்டிப்புக் காட்டியது. அந்தப் பாடம் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும்.

ஆனால் தண்ணீர் பிள்ளைகளை அப்படி மொத்தமாகக் கொண்டுபோவதில்லை. ஒரு ஊரில் ஒரு பிள்ளை, இன்னொரு ஊரில் இன்னொரு பிள்ளை என்று தனித்தனியாகக் கொண்டுபோகிறது. பத்திரிகை ஓரத்தில் நாலு வரி வருகிறது, அவ்வளவுதான். தலையெழுத்து என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம். அதைத் தலையெழுத்து என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. தடுக்கக்கூடிய சாவு அது.

ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் சில நாட்களில் கல்லணை தாண்டி வெண்ணாற்றில் தண்ணீர் ஓடும். ஆறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து பாமணியாற்றில் இறங்கி, நம் வீட்டுக் கொல்லை வாய்க்கால் வரை வந்துவிடும். நமக்கு அது வயிற்றுக்கான தண்ணீர். அதே நாட்களில்தான் நாற்றுப் பறியும் நடவும். பால்வாடிக் கதவு திறப்பதற்கு முன்பே நாம் வயலில் இறங்கியிருப்போம். பிள்ளை பாட்டியிடம் இருக்கும்; பாட்டிக்குக் கண் மங்கல். இல்லையென்றால் ஏழு வயது அக்காவின் இடுப்பில் இருக்கும்.

சரி, பால்வாடிக்கு வந்த பிறகு? அங்கே இருப்பது ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். உதவியாளர் அடுப்படியில் அரிசி களைகிறார். பணியாளர் செல்போனில் வருகை ஏற்ற வேண்டும், எடை ஏற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கர்ப்பிணி ஒருவர் சத்துமாவு வாங்க வந்து நிற்பார். இரண்டு பேருமே ஓடி ஓடித்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் சமையல் நடக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்ப்பது மட்டுமே வேலையாக உள்ளவர் என்று ஒருவரும் இல்லை. நான் கவலைப்படுவது அந்த நேரத்தைப் பற்றித்தான். சுவரில் யானை வரைவதற்கும் பொம்மை வாங்குவதற்கும் நன்கொடை தருகிறவர்கள் உண்டு, நல்லதுதான். அதற்கு முன்னால் எனக்கு ஒரு ஜோடிக் கண் வேண்டும்.

கழிப்பறை வாசலில் இருக்கும் வாளியைப் பாருங்கள். அரை வாளித் தண்ணீர். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் கையை ஊன்றி எழத் தெரியாது. கத்தாது, தண்ணீரை அடிக்காது. அடுத்த அறையில் இருப்பவர்களுக்கு ஒரு சத்தமும் கேட்காது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தொட்டிக்கு மூடி போடுங்கள். வாசலில் பிள்ளையால் திறக்க முடியாத கொக்கி வேண்டும். கொதிக்கும் சாம்பார் அண்டா தரையில் இருக்கவே கூடாது.

நம்மைப்போலவே ஆறும் குளமுமாகக் கிடக்கிற நாடு வங்கதேசம். அங்கே பிள்ளைகள் அதிகம் மூழ்குவது காலையில் தாய் வேலையாக இருக்கும் நேரத்தில்தான் என்று கண்டறிந்தார்கள். ஊருக்குள்ளேயே ‘ஆஞ்சல்’ என்ற பெயரில் காப்பகம் வைத்து, காலை 9 முதல் 1 வரை உள்ளூர்ப் பெண் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். அங்கே போன பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. பெரிய கட்டடமோ இயந்திரமோ இல்லை. பார்த்துக்கொள்ள ஒரு ஆள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். தண்ணீரிலிருந்து தூக்கிய பிள்ளையைத் தலையில் வைத்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். போகும் நேரம்தான் உயிர். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சை அழுத்த வேண்டும்; ஒருவர் 108ஐ அழைக்கட்டும். இதைக் கையால் செய்து பழகினால்தான் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவை அழைத்து, பொம்மையை வைத்து எல்லோரும் பழகுவோம். சூடு பட்டால் மையும் மாவும் பூசாமல், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். தொண்டையில் அடைக்காமல் இருக்க, கொண்டைக்கடலையைச் சின்னப் பிள்ளைக்கு மசித்துக் கொடுங்கள்.

பிள்ளையை யார் அழைத்துப்போகலாம் என்று பணியாளரிடம் பெயர் சொல்லி வையுங்கள். தெரிந்த முகம் என்பது மட்டும் போதாது. பிள்ளை ஒருவரைக் கண்டு ஒதுங்கினால் அதட்டாமல் கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அதற்குத்தான்.

குறுவை நடவு முடியும் வரை, ஒரு நாளைக்கு இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டு, காலை பத்திலிருந்து சாப்பாடு முடியும் வரை பால்வாடியில் உட்காரலாம். காய் நறுக்க வேண்டாம், பதிவேடு எழுத வேண்டாம், செல்போனை மடியில் வைக்க வேண்டாம். பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருங்கள், போதும். அன்றைக்குப் போகும் கூலியைக் குழுச் சேமிப்பிலிருந்து ஈடுகட்ட முடியுமா என்று தலைவிகள் இப்போதே பேசிச் சொல்லுங்கள். நோட்டு இந்த மேசையில் இருக்கிறது. திங்கட்கிழமைக்கு இரண்டு பெயர் வேண்டும்.