கொன்சா பக்கம் மனை விலை: அறிவிப்பு வந்த நாளும் தண்ணி வந்த நாளும்

[காட்சி: நைரோபி–மொம்பாசா நெடுஞ்சாலை. காய்ந்த புல்வெளி, குடை மாதிரி விரிஞ்ச வேல மரங்கள். ரோட்டோரம் வரிசையா மனை விற்பனைப் பலகைகள்.]

நைரோபியிலிருந்து மொம்பாசா ரோட்டுல 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல போனா மலிலி. சின்னக் கடைத்தெரு. பக்கத்துலதான் கொன்சா டெக்னோபோலிஸ், கென்ய அரசு புதுசா கட்டிக்கிட்டிருக்கிற தொழில்நுட்ப நகரம். ஒரு கிராமப்புறத்துல அரசு பெரிய திட்டம் அறிவிச்சா நிலத்து விலை என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

2009-ல மலிலி ராஞ்ச்ங்கிற மேய்ச்சல் நிலத்துல 5,000 ஏக்கரை அரசு வாங்குச்சு. விலை 100 கோடி ஷில்லிங். ஏக்கருக்கு 2 லட்சம் ஷில்லிங்னு வருது. 2013 ஜனவரியில அப்போதைய அதிபர் மவாய் கிபாகி அடிக்கல் நாட்டினார். இதுக்கு நடுவுல வெளியே இருந்த நிலத்துக்கெல்லாம் புரோக்கர்கள் வந்துட்டாங்க. தண்ணிக் குழாய் வரலை, தெருவிளக்கு வரலை, விலை மட்டும் முதல்ல வந்துடுச்சு.

அடிக்கல்லுக்கு அப்புறம் வேலை மெதுவாத்தான் நடந்துச்சு. முதல் கட்டத்துக்கு எடுத்துக்கிட்டது சுமார் 400 ஏக்கர். தார் ரோடு, நிலத்தடிக் குழாய், டேட்டா சென்டர் எல்லாம் அதுக்கு உள்ளதான். அதே ஊர்ல திட்டத்து வேலிக்கு வெளியே இருக்கிறவங்க 20 லிட்டர் ஜெரிகேன்ல தண்ணி வாங்குறாங்க. விளம்பரத்துல "கொன்சாவுக்கு அருகில்"னு போட்டிருந்தா, அந்த மனை வேலிக்கு எந்தப் பக்கம்னு முதல்ல கேளுங்க.

இன்னொரு சிக்கலும் இருந்துச்சு. நகரத்தைச் சுத்தி குடிசைகளும் முறையில்லாத கட்டடங்களும் பெருகிடக் கூடாதுன்னு, 10 கிலோமீட்டர் வரைக்கும் கட்டுப்பாட்டு வளையம்னு அரசு வச்சது. நோக்கம் சரிதான். ஆனா பரம்பரையா நிலம் வச்சிருந்தவங்க அதைப் பிரிக்கவும் முடியாம, நினைச்சபடி கட்டவும் முடியாம நின்னாங்க. இது தெரியாம மனை வாங்கினவங்களும் உண்டு. அதனால பணம் பேசுறதுக்கு முன்னாடி கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) திட்ட அலுவலகத்துல இந்த எண்ணுள்ள நிலத்தைப் பிரிக்கலாமா, என்ன கட்டலாம்னு எழுத்துல வாங்குங்க. மக்குவேனி, மச்சாக்கோஸ், கஜியாடோ, மூணு கவுன்ட்டி எல்லையும் இங்க கூடுது. எந்தக் கவுன்ட்டின்னு பேப்பரைப் பார்த்து உறுதி பண்ணிக்கோங்க.

[காட்சி: உயரமான மண்மேடு, அதன் மேல ரயில். ரெண்டு பக்கமும் கம்பி வேலி.]

ரோடு, ரயில்னு சொல்லி விக்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: அது இங்க நிக்குமா? 2017 மே 31 அன்னைக்குத் திறந்த மொம்பாசா–நைரோபி புது ரயில் பாதை இந்த வட்டாரத்து வழியாத்தான் போகுது. பயணிகள் நிலையம் ஆத்தி ரிவர்லயும் எமாலியிலயும் இருக்கு. கொன்சாவுல இல்லை. பாதைக்கு ரெண்டு பக்கமும் வேலி போட்டிருக்கிறதால, சுரங்க வழி இருக்கிற இடத்துலதான் கடக்க முடியும். வரைபடத்துல 500 மீட்டர்னு தெரியற மனைக்கு வண்டியில பல கிலோமீட்டர் சுத்த வேண்டி வரலாம். 2022-ல திறந்த நைரோபி எக்ஸ்பிரஸ்வே மட்டும் நிஜமாவே இந்தப் பக்கத்துக்கு உதவுச்சு. அது மொம்பாசா ரோட்டுல இருக்கிற ம்லோலோங்கோ வரைக்கும் 27 கிலோமீட்டர் வருது. நகரத்துக்குள்ள நெரிசல்ல போற நேரம் குறைஞ்சது.

நெடுஞ்சாலையை ஒட்டின மனைக்குத்தான் விலை அதிகம், ஆபத்தும் அதிகம். இந்த வகை ரோட்டுக்கு ஒதுக்கின அகலம் வழக்கமா 60 மீட்டர். தார் அதுல ஒரு பகுதிதான். மீதியில கட்டின கடைச் சுவர்ல ஒரு நாள் சிவப்புப் பெயின்ட்ல பெருக்கல் குறி விழும், அப்புறம் இடிக்க வருவாங்க.

[காட்சி: வெள்ளைத்தாள். ஒரு ஏக்கர் சதுரமா வரைஞ்சு, மனைகளாப் பிரிக்கிறது.]

இப்ப மனைக் கணக்கு. கென்யாவுல சாதாரணமா விக்கிறது 50க்கு 100 அடி. "எட்டில் ஒரு ஏக்கர்"னு சொல்லித்தான் விப்பாங்க. ஏக்கர் 43,560 சதுர அடி. அதுல எட்டில் ஒண்ணு 5,445. கையில வர்றது 5,000. நம்ம கணக்குல பன்னிரண்டரை சென்ட்டுன்னு சொல்லி பதினொன்றரை சென்ட்டு தர்றாங்க. டைட்டில் டீடுல, அதாவது நிலத்து உரிமைப் பத்திரத்துல, ஹெக்டேர்ல போட்டிருக்கும். 0.0465-க்குப் பக்கம் இருந்தா 5,000 சதுர அடி. முழு எட்டில் ஒண்ணுன்னா 0.0506 இருக்கணும்.

ஒரு ஏக்கர்ல எட்டு மனைன்னு சொன்னா இன்னும் கவனமா இருங்க. எட்டு மனைக்கு 40,000 சதுர அடி போயிடும், மீதி 3,560. சதுரமான ஏக்கர்னா ஒரு பக்கம் 208 அடி. 9 மீட்டர் ரோடு குறுக்கே போட்டா அதுக்கே 6,100 சதுர அடிக்கு மேல வேணும். 6 மீட்டர் போட்டாலும் 4,100. ரெண்டும் மிஞ்சின இடத்துல அடங்காது. அப்போ மனை சுருங்கியிருக்கணும், இல்ல ரோடு காகிதத்துல மட்டும் இருக்கணும். தண்ணி லாரி உள்ள திரும்ப முடியாத மனைக்கு வீடு கட்ட செங்கல் கூட வராது. டேப்பை நீங்களே பிடிச்சு அளந்து பாருங்க.

[காட்சி: பாளம் பாளமா வெடிச்ச கறுப்பு மண். குழியிலிருந்து எடுத்த ஈரக் கட்டி விரல்ல ஒட்டுறது.]

மண்ணைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். இந்தச் சமவெளியில பெரும்பகுதி கரிசல். மழையில உப்பும், வெயில்ல சுருங்கி வெடிக்கும். மேலோட்டமா அஸ்திவாரம் போட்டா ரெண்டு மூணு மழைக்காலத்துல சுவர் மூலைக்கு மூலை பிளக்கும். அங்க செய்யறது, கரிசலை முழுசா வெட்டி எடுத்துட்டு, கெட்டியான சரளை வரைக்கும் போய், கருங்கல் ஜல்லி போட்டு அடுக்கடுக்கா இடிச்சு இறுக்குறது. அடுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல போனா அடியில இறுகாது.

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் வீடு, கரிசல் ஆழம் 1.2 மீட்டர்னு வைங்க. வெட்டுற மண் 120 கன மீட்டர். வெட்டினதும் கால் பங்கு உப்பி 150 ஆகும். 10 கன மீட்டர் டிப்பர்ல 15 லோடு வெளியே போகணும், கிட்டத்தட்ட அதே அளவு கல் உள்ளே வரணும். மலிவா வாங்கின மனை இங்கதான் காசைத் தின்னும். விலை பேசுறதுக்கு முன்னாடி மனையோட ரெண்டு மூலையில ஜெம்பேயால, அதான் அங்க நம்ம மண்வெட்டிக்குப் பேர், ஆளுயரத்துக்குக் குழி வெட்டிப் பாருங்க. ஒரு நாள் கூலிதான் செலவு.

பார்க்கப் போற மாசமும் முக்கியம். மழை மார்ச்–மே, அக்டோபர்–டிசம்பர்னு ரெண்டு பருவம். ஏப்ரல்லயோ நவம்பர்லயோ போங்க. ஆகஸ்ட்ல கார் ஓடுற மண் ரோட்டுல ஏப்ரல்ல "போடா போடா"ன்னு சொல்ற வாடகை பைக்கே சேத்துல நின்னுடும். கழிவுநீர் உறிஞ்சுகுழியும் கரிசல்ல இறங்காது, மழையில நிரம்பி மேல வரும்.

கரன்ட்டுக்கு ஒரு அளவு இருக்கு. 2015-ல தொடங்கின கடைக்கோடி இணைப்புத் திட்டத்துல டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து 600 மீட்டருக்குள்ள இருக்கிறவங்களுக்குத்தான் 15,000 ஷில்லிங் சலுகைக் கட்டணம் வச்சாங்க. அதைத் தாண்டினா கம்பமும் கம்பியும் தனிச் செலவு. தலைக்கு மேல போற உயர் அழுத்தக் கம்பியைக் காட்டி "கரன்ட் இருக்கு"ன்னா நம்பாதீங்க. 400 கிலோவோல்ட் கம்பிக்குக் கீழ 60 மீட்டர் அகலத்துக்கு வீடு கட்டவே விடமாட்டாங்க.

தண்ணிக்கு த்வாக்கே அணையைச் சொல்வாங்க. கொன்சாவுக்குத் தண்ணி தர்றது அதோட நோக்கங்கள்ல ஒண்ணு, கெடு பல தடவை தள்ளிப்போச்சு. போர்வெல்னா நீர்வள ஆணையத்தோட அனுமதி வேணும். தண்ணியில ஃபுளோரைடும் பரிசோதிக்கணும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருந்தா பிள்ளைங்க பல்லுல கறை ஏறும்.

[காட்சி: டைட்டில் டீட், அதன் பக்கத்துல பதிவு வரைபடம்.]

பேப்பர் விஷயத்துல அதிகம் பேர் ஏமாறுறது தாய்ப்பத்திரத்துல. அங்கயும் இதே பேர்தான், மதர் டைட்டில்னு சொல்வாங்க. கம்பெனி பெரிய நிலத்தை வாங்கி, பிரிக்கிறதுக்கு முன்னாடியே தவணையில மனை வித்துடும். அந்தத் தாய்ப்பத்திரம் பாங்குல அடமானத்துல இருந்தா, நீங்க முழுப் பணம் கட்டியும் உங்க பேர்ல தனி டைட்டில் வராது. அதுக்குப் பதிலா கம்பெனி தர்ற பங்குச் சான்றிதழ் நிலம் ஆகாது. நிலப் பதிவு அலுவலகத்துல போடுற அதிகாரபூர்வத் தேடல்ல உரிமையாளர் பேர், அடமானம், தடை எல்லாம் தெரியும், நம்ம வில்லங்கம் பார்க்கிற மாதிரி. அதோட உரிமம் உள்ள சர்வேயரை வச்சு, பதிவு வரைபடத்தோட எல்லைக்கல்லை ஒத்துப் பாருங்க.

விவசாய நிலம்னா நிலக் கட்டுப்பாட்டு வாரியத்தோட சம்மதம் கட்டாயம். ஒப்பந்தம் போட்ட ஆறு மாசத்துக்குள்ள விண்ணப்பிக்கணும். சம்மதம் இல்லாட்டி ஒப்பந்தமே செல்லாது, கொடுத்த பணத்தைக் கடன் மாதிரி திரும்பக் கேட்கலாம். விக்கிறவரோட கணவனோ மனைவியோ ஒத்துக்கணும். முத்திரைத்தீர்வை கிராமப்புறத்துல 2 சதவீதம், நகராட்சிக்குள்ள 4. ஊர் நகராட்சி ஆகிட்டா உங்க செலவும் இரட்டிப்பாகும். விக்கிறவர் கட்டுற மூலதன ஆதாய வரி 2023 ஜனவரியில 5-லிருந்து 15 சதவீதமாச்சு. அதையும் சேர்த்துத்தான் இப்ப விலை சொல்றாங்க.

கென்யக் குடிமக்கள் அல்லாதவங்களுக்கு முழு உரிமை கிடையாது. 2010 அரசியலமைப்புப்படி அதிகபட்சம் 99 வருஷக் குத்தகை. விவசாய நிலத்துக்கு வாரியம் சம்மதமே தராது, அதிபரோட விலக்கு வேணும். "உங்க பேர்லயே முழு உரிமை"ன்னு வெளிநாட்டுத் தமிழர்கிட்ட யாராவது சொன்னா பேச்சை அங்கயே நிறுத்திக்கோங்க.

டைட்டில் கைக்கு வந்ததும் புதுசா ஒரு தேடல் போட்டு, பதிவேட்டுல உங்க பேர் ஏறியிருக்கான்னு பாருங்க. நாலு எல்லைக்கல்லையும் சர்வேயரோட சேர்ந்து போட்டோ எடுத்து, ஜிபிஎஸ் எண்ணை எழுதி வைங்க. மாடு மேயுற வெளியில கல் நகர்றது ரொம்ப சாதாரணம்.