மெக்சிகோவின் பழைய இரு நண்பர் நகைச்சுவைப் படங்கள் நிற்பது நட்சத்திரப் புகழாலா, இணையின் உரசலாலா? – உரசலாலே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

1953இல் திரைக்கு வந்த 'டோஸ் டிபோஸ் டே குய்தாதோ'வைக் காட்டி, ஹோர்ஹே நெக்ரேத்தே, பெத்ரோ இன்ஃபான்தே என்ற இரண்டு பாடக நட்சத்திரங்களின் பெயர்களே போதும் என்றார் எதிரணி நண்பர். பெயர் கூட்டத்தைக் கொண்டுவரும், ஒப்புக்கொள்கிறேன். எழுபது வருஷம் கழித்தும் உட்கார வைப்பது எது?

அந்த விருந்துக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தன் காதலியை நண்பன் இன்ஃபான்தேயே மணந்துவிட்டான் என்ற ஆத்திரத்தில் இருக்கிறார் நெக்ரேத்தே. விருந்தினர் முன்னால் இருவரும் எசப்பாட்டில் மோதுகிறார்கள். மெட்டு மாறுவதில்லை, குத்தல் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. நெக்ரேத்தேயுடையது ஓபரா பயிற்சி பெற்ற பாரிடோன் குரல், அதாவது கனமான நடுத்தர ஆண் குரல். நெஞ்சை நிமிர்த்திப் பாடுவார். இன்ஃபான்தேயின் குரல் இளகியது, சிரித்தபடியே குத்துவார். இரண்டும் ஒரே மாதிரிக் குரலாக இருந்தால் அந்தக் காட்சி வெறும் திட்டாகிப் போயிருக்கும். ஒருவர் அடியோடு தோற்றாலும் கெட்டது: வென்றவர் முரடராகத் தெரிவார், சிரிப்பு வற்றிவிடும். இயக்குநர் இஸ்மாயேல் ரோத்ரிகேஸ் தராசை ஒரு பக்கம் சாயவிடவே இல்லை. அதுதானய்யா வித்தை!

1951இல் அதே இயக்குநர் எடுத்த 'ஆ தோதா மாகினா'வில் இன்ஃபான்தேயும் லூயிஸ் அகிலாரும் மெக்சிகோ நகரத்து மோட்டார் சைக்கிள் போலீஸ்காரர்கள். தங்குவது ஒரே வீடு, பார்ப்பது ஒரே வேலை. சண்டை போட்டவன் கோபித்துக்கொண்டு போய்விட்டால் படம் அங்கேயே முடிந்தது. போக வழியில்லாமல் இருவரையும் கட்டிப்போட்டதால்தான் போட்டி வளர்கிறது.

நகைச்சுவை நடிகர் டின் டானின் அமெரிக்க எல்லைப்புறப் பேச்சுக்கும் துள்ளலுக்கும் பக்கத்தில் கிதாரோடு அவர் இணை மார்செலோ சாவேஸ் நிதானமாக நிற்பாரே, அந்த நிதானம் இல்லையென்றால் துள்ளலின் உயரம் நமக்குத் தெரியாது.

"1937இல் மானுவேல் மெதேலுடன் இணையாக நடித்த நகைச்சுவை நடிகர் கான்டின்ஃபிளாஸ் பிறகு தனியாகத்தானே உச்சிக்குப் போனார்?" என்று கேட்டார்கள். எதிரணியின் பலமான கேள்வி இதுதான். 1940இல் வந்த 'ஆயி எஸ்தா எல் தெத்தாயே'வின் நீதிமன்றக் காட்சியைப் பாருங்கள். அவர் தலையும் வாலும் இல்லாமல் பேசப் பேச, கடைசியில் நீதிபதியும் வக்கீல்களும் அதே பாணியில் உளறத் தொடங்குகிறார்கள். புரிந்துகொள்ளத் துடிக்கும் எதிராளி இல்லாமல் அந்தப் பேச்சுக்குச் சிரிப்பு ஏது? ஒரு மெதேல் போன இடத்தில் ஒரு நீதிமன்றத்தையே இணையாக நிறுத்த வேண்டியிருந்தது, நடுவர் அவர்களே. இதற்கு எதிரணி பதில் சொல்லட்டும்.