எடையைக் குறைக்கச் சொன்னால், எவ்வளவு என்று கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போகும் பெண்ணிடம் "எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எத்தனை கிலோ, எத்தனை மாதத்துக்குள் என்று சொல்லாவிட்டால் அது ஆலோசனையே ஆகாது.

உயரம் 160 சென்டிமீட்டர், எடை 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 80-ஐ, மீட்டர் கணக்கில் உயரமான 1.6-ஆல் இரண்டு முறை வகுத்தால் 31.25 வரும். இதுதான் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண். 30-ஐத் தாண்டினால் உடல் பருமன். இந்தப் பெண் 50 கிலோவுக்கு இறங்க வேண்டியதில்லை. எடையில் 5 முதல் 10 சதவீதம், அதாவது 4 முதல் 8 கிலோ குறைந்தாலே, பி.சி.ஓ.எஸ். (ஹார்மோன் சீர்கெட்டு, சினைப்பையிலிருந்து கருமுட்டை சரியாக வெளிவராத நிலை) உள்ள பலருக்குக் கருமுட்டை மறுபடி வெளிவரத் தொடங்குகிறது.

காரணம் இன்சுலின். கொழுப்பு கூடும்போது இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்குவதில்லை. அதை ஈடுகட்ட இன்சுலின் அதிகமாகச் சுரக்கிறது. அது சினைப்பையில் ஆண் ஹார்மோன்களைக் கூட்டிவிட, முட்டை முதிராமல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. கருமுட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சையிலும் இதன் விளைவு தெரியும். ஹார்மோன் ஊசி கூடுதல் அளவில், கூடுதல் நாட்கள் தேவைப்படலாம். அப்படியும் முட்டைகள் குறைவாகக் கிடைக்கலாம். முட்டை எடுக்கும்போது மயக்க மருந்தின் ஆபத்து சற்று அதிகம். கருச்சிதைவு வாய்ப்பும் கூடுகிறது. கரு தங்க உதவும் ஹார்மோனான புரோஜெஸ்டிரானை இடுப்பில் ஊசியாகப் போடும்போது, அது தசையை எட்டாமல் கொழுப்பிலேயே தங்கிவிடுவதும் உண்டு. ஊசியின் நீளம் போதுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆனால் எடைக்காகவே சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா? 28 வயதில் ஆறு மாதம் காத்திருக்கலாம். 38 வயதில் அந்த ஆறு மாதத்தில் முட்டைகளின் தரமும் எண்ணிக்கையும் இறங்கிக்கொண்டே போகும். நெதர்லாந்தில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், பருமனான பெண்களில் ஒரு பிரிவினரை ஆறு மாத எடைக்குறைப்புக்குப் பிறகும், மற்றவர்களை உடனேயும் சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டார்கள். எடைக்குறைப்புப் பிரிவில் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் அதிகம். இரண்டு ஆண்டு முடிவில், நிறைமாதத்தில் சுகப்பிரசவமாகப் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகள் மட்டும் அந்தப் பிரிவில் அதிகமாகவில்லை. அதனால் 35 வயதைக் கடந்தவரை எடையை மட்டும் காட்டித் திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

செமாகுளுட்டைட் ஊசியால் எடை குறைப்பவர்கள், கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே அதை நிறுத்த வேண்டும். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை என்றால் 12 முதல் 18 மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் நாட்களில் பட்டினி கிடக்கவே கூடாது.

மெலிந்த பெண்களை நாம் மறந்துவிடுகிறோம். 160 சென்டிமீட்டர் உயரத்துக்கு 47 கிலோவுக்கும் கீழே போனால் பி.எம்.ஐ. 18.5-ஐவிடக் குறைவு. உடலில் சேமிப்பு போதவில்லை என்று மூளை கணித்து, சினைப்பைக்கு அனுப்பும் ஹார்மோன் கட்டளையைக் குறைத்துவிடும், மாதவிடாயே நின்றுபோகலாம். ஊசி போட்டு முட்டையை வளர்த்துவிட முடியும். ஆனால் அதே எடையில் கருவுற்றால் குறைமாதப் பிரசவத்துக்கும், எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்பு அதிகம். இவர்களுக்கு முதல் சிகிச்சை எடையைக் கூட்டுவதுதான். கடும் உடற்பயிற்சி செய்பவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வணக்கம்.