தலைதட்டி அளந்த கூலி

வணக்கம் மக்களே. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் வடசேரியில், வாய்க்கால் கரையில் நின்று பேசுகிறேன். பின்னால் தெரிகிற இந்த வயலுக்கு அடியில் நிலக்கரி இருக்கிறது என்று 2023-இல் சுரங்க ஏலப் பட்டியலில் இந்த ஊர்ப் பெயரும் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் கரி வெட்டுகிறவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் படித்தது எமிலி ஸோலாவின் 'ஜெர்மினல்', 1885-இல் வந்த பிரெஞ்சு நாவல். அதை எழுத அவர் 1884-இல் பிரான்சில் இருந்த ஆன்ஸான் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்திருக்கிறார்.

கதையில் சண்டை எங்கே தொடங்குகிறது தெரியுமா? கூலிக் கணக்கில். வெட்டின கரியைத் தொட்டி தொட்டியாக எண்ணித்தான் காசு. மேலே சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. சரி, இனிமேல் அதற்குத் தனியாகத் தருகிறோம் என்று கம்பெனி சொல்கிறது. சொல்லிவிட்டு, தொட்டிக்கான கூலியைக் குறைத்துவிடுகிறது. கூட்டிப் பார்த்தால் கைக்கு வருவது முன்னைவிடக் குறைவு.

எனக்கு எங்கள் அப்பாயிதான் கண்ணில் வந்தார். அறுப்புக் கூலி வாங்கப் போனால் அவர் பார்வை நெல் அளக்கிற மரக்கால் மேலேயே இருக்கும். குவித்து அளக்க வேண்டியதைத் தலைதட்டி அளப்பார்கள். அளக்கிறவர் கட்டைவிரல் உள்ளே போனால் அதில் ஒரு கைப்பிடி போச்சு.

கீழ்வெண்மணியில் கூலியாகக் கூடுதலாகக் கேட்டதும் அரைப்படி நெல்தான். 1968 டிசம்பர் 25 ராத்திரி, 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அந்தச் சம்பவத்தை வைத்து இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார். பண்ணையார் மனசுக்குள் போன அளவுக்கு அந்த நாவல் களத்துமேட்டுக்குள் போகவில்லை என்பது என் வருத்தம்.

அப்புறம், ஸோலாவின் நாவலில் பத்தாய் என்று ஒரு குதிரை. பத்து வருஷமாகச் சுரங்கத்துக்குள்ளேயே வண்டி இழுக்கிறது. ஒருநாள் புதுக் குதிரை ஒன்றை வலையில் கட்டி இறக்குகிறார்கள். பத்தாய் கிட்டே போய் முகர்ந்து பார்க்கிறது. புதுசின் உடம்பில் வெயில் வாசனை! நம் உழவு மாடு பொழுது சாய்ந்தால் வாய்க்காலில் குளித்துவிட்டு வீடு வந்து சேரும். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

அடுத்து கு. சின்னப்ப பாரதியின் 'சுரங்கம்'. வங்காளத்து நிலக்கரித் தொழிலாளர்களைப் பற்றித் தமிழிலேயே எழுதப்பட்ட நாவல். படித்தவர்கள் சொல்லுங்கள். கூலி அளந்த பழைய மரக்கால் யார் வீட்டிலாவது இருந்தால், ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.