ளாத் எழுத்தும் நிறுத்தக் குறியும்

நேயர்களுக்கு வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

குர்ஆன் ஓதும் முறை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் தமிழக-கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்காரன். வீட்டில் தமிழ், அந்தப் பக்கம் பாறசாலைச் சந்தைக்குப் போனால் மலையாளம், மதரஸாவில் அரபு. மூன்றும் ஒரே நாக்கில்தான் புரளணும். அதனால் நாக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவதை ஒளு, கடமையைப் பர்ளு, நோன்பு மாதத்தை ரமளான் என்கிறோம். சோதனைச்சாவடி தாண்டினாலும் அதே ளகரம்தான். வடக்கே போனால் ரம்ஜான் ஆகிவிடும். 'ளாத்' என்ற ஓர் அரபு எழுத்து செய்கிற வேலை இது. பேச்சுக்கு நம்முடைய ளகரம் போதும், ஓதுவதற்குப் போதாது. ளகரம் சொல்லும்போது நாக்கு நுனி மேலே வளைகிறது. ளாத்துக்கு நாக்கின் பக்க ஓரம் மேல் கடைவாய்ப்பல்லில் அழுந்தணும். எங்கள் மதரஸா ஆசிரியரான உஸ்தாத் தம் கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார்: "மக்களே, நுனியைத் தூங்க விடு, ஓரத்தை எழுப்பு."

குர்ஆனின் முதல் சூராவான (அத்தியாயமான) ஃபாத்திஹாவின் கடைசிச் சொல் 'வலள்ளால்லீன்'. அதில் இந்த எழுத்தும் இருக்கிறது, 'ளா'வை ஆறு எண்ணிக்கை நீட்டவும் வேண்டும். உஸ்தாத் ஒவ்வொரு விரலாக மடக்குவார். ஒரு கை முழுக்க மடங்கி, மறு கையில் பெருவிரலும் மடங்கின பிறகுதான் 'ல்லீன்' வரணும். எங்களுக்கு மூன்றாவது விரலிலேயே மூச்சு போய்விடும். சிரிப்பார், அடிக்க மாட்டார். ஷாபி மத்ஹபில் (சட்ட வழியில்) ஃபாத்திஹா ஓதாமல் தொழுகை கூடாது, 'அல்லாஹ்வின் பெயரால்' என்னும் பிஸ்மில்லாஹ்வும் அதில் ஓர் ஆயத்து, அதாவது வசனம். வேறெந்த சூராவைவிடவும் இதற்கு அவர் அதிக நாள் எடுத்துக்கொண்டது அதனால்தான்.

மற்ற ஒழுங்குகள் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்தவையே. குர்ஆன் பிரதியான முஸ்ஹஃபைத் தொட ஒளு வேண்டும். மனப்பாடமாக ஓத ஒளு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குளிப்புக் கடமையானவர் மட்டும் ஓதக் கூடாது. தொடக்கத்தில் அவூது சொல்வது, அதாவது ஷைத்தானிடமிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுவது, நஹ்ல் சூரா 98ஆம் வசனத்தின் கட்டளை. 114 சூராக்களில் தவ்பாவுக்கு மட்டும் முன்னால் பிஸ்மி இல்லை.

நிறுத்தம் அப்படியில்லை, அதில் தவறினால் பொருளே கவிழ்ந்துவிடும். நிஸா சூரா 43ஆம் வசனம் போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்கிறது. 'லா தக்ரபுஸ் ஸலாத்த' என்ற இடத்தில் மூச்சு முட்டி நிறுத்தினால், "தொழுகையை நெருங்காதீர்கள்" என்று மட்டும் நிற்கும்! வரிகளுக்கு மேலே பொடி எழுத்தில் மீம், ஜீம், லாம்அலிஃப் (லா) என்று குறிகள் போட்டிருப்பது இதற்காகத்தான். மீம் கண்டால் நிறுத்தியே ஆகணும், லா கண்டால் நிறுத்தக் கூடாது. செல்போன் மணியோசையாக ஆயத்தை வைத்திருக்கும் தம்பிமாரே, போனை எடுக்கிற அவசரத்தில் எந்த இடத்தில் வெட்டுகிறீர்கள் என்று பார்த்ததுண்டா?

நானும் அவசரக்காரனாக இருந்தவன்தான். பதினாறு வயதில் ஒரு ரமளானில் இரண்டே நாளில் ஒரு கத்தம், அதாவது குர்ஆன் முழுவதும், ஓதி முடித்துவிட்டு வாப்பாவிடம் போய்ப் பெருமையடித்தேன். அவர் தலை நிமிரவேயில்லை. "மூணு நாளுக்குள்ள ஓதி முடிச்சவனுக்கு வெளங்காதுன்னு நபி சொன்ன ஹதீஸ் இருக்கு. ஒனக்கு என்னடே வெளங்கிச்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. முஸ்ஸம்மில் சூராவின் நாலாவது வசனம், நிறுத்தி நிதானமாக ஓதச் சொல்லும் அந்த வசனம், நான் ஓடின ஓட்டத்துக்குள்தான் எங்கோ இருந்தது.

எங்கள் வாப்பும்மாவோ (வாப்பாவின் அம்மா) எழுத்துக் கூட்டித்தான் ஓதுவார். சுபுஹு தொழுதுவிட்டு குர்ஆன் வைக்கும் ரஹல் பலகையை விரித்தால், நன்றாக விடிவதற்குள் ஒரு பக்கம் முடியும். விரல் எழுத்தின் மேல் நிற்கும். திக்கும். திரும்பிப் போகும். நான் திருத்தப் போனால் கையைத் தட்டிவிடுவார். திறமையாக ஓதுபவர் கண்ணியமான வானவர்களோடு இருப்பார், சிரமப்பட்டுத் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்று நபியின் மனைவி ஆயிஷா நாயகி அறிவித்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. யாரோ அதை அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"எனக்கு ரெண்டு கூலியாக்கும். நீ ஒன் பாட்டைப் பாருடே" என்பார். பிறகு விட்ட எழுத்திலேயே விரலை வைத்துத் தொடங்குவார்.

நன்றி. அஸ்ஸலாமு அலைக்கும்.